கயிறு ஏற வந்தவரும் எட்டு இட்லியும்

தேகப்பயிற்சி சாலை நடத்துகிறவன், எதிரே இட்லிக் கடை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இடம் பிடிக்க வேண்டும். அறுபதுகளில், திருப்பாதிரிப்புலியூரில், பார்க்காமல் பிடித்தவன் நான். அடுத்தவர் தொந்தியைக் கரைப்பதாக வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்ட அன்பர்களே, உங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும்.

ஒரே நாளில் ஒரு வாரம்

புவனகிரியிலிருந்து ராமலிங்கம் வந்தார். மூன்று மாதத்தில் தீயணைப்புப் படைக்கு ஆளெடுப்பு. கயிறு ஏறிக் காட்ட வேண்டும். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும், இதை விட்டால் வேலை போச்சு. எங்கள் வேப்பமரத்துக் கயிற்றில் ஆள் உயரம் ஏறுவதற்குள் தொந்தி அவரைக் கீழே இழுத்துவிட்டது.

ஞாயிறு மட்டும் வருவார். மூச்சு முட்டத் தண்டால் எடுப்பார். முடிந்ததும் எதிர்க்கடையில் எட்டு இட்லி! ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தேன். அசரவே இல்லை மனுஷன்.

"ஒரு வாரத்து எக்சர்சைஸ ஒரே நாள்ல செஞ்சா, ஒரு வாரத்துப் பசியும் ஒரே நாள்லதானே மாஸ்டர் வரும்?"

மண்டித் தராசு

எடை பார்க்க, வேர்க்கடலை மூட்டைகளை நிறுக்கும் மணிலாக்கொட்டை மண்டிக்குத்தான் போவோம். முதல் தடவை முதலாளியே நிறுத்தார். ஒரு மாதம் கழித்துப் போனபோது மண்டியின் எடையாள் நிறுத்தார். இரண்டு கிலோ குறைவு! எனக்குத் தலைகால் புரியவில்லை. நானே இட்லி வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் அந்த எடையாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ கழிச்சுச் சொல்லிட்டேன் மாஸ்டர். கைப்பழக்கம். ஆளு வேர்வையில நனைஞ்சு வேற இருந்தாரு!"

மூன்று இட்லி

எனக்கு வந்ததே கோபம்! தினம் வருவதானால் வாருங்கள், இல்லாவிட்டால் வரவே வேண்டாம் என்று ராமலிங்கத்திடம் கத்திவிட்டேன். அவரும் உள்ளூரில் மச்சான் வீட்டில் வந்து தங்கினார். தினமும் முப்பது தண்டால், கொஞ்சம் கயிறு, அவ்வளவுதான். முதல் வாரம் பத்து இட்லி உள்ளே போயிற்று. அப்புறம் பசி தானாக ஒரு கட்டுக்குள் வந்தது. இடுப்பும் சுருங்கியது. பாதிக் கயிறு ஏறிவிட்டு வழுக்கி விழுவார். அதற்கே எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். கடைசி வாரம் உச்சியைத் தொட்டும் வழுக்கித்தான் வந்தார். இட்லிக் கடைக்காரர்தான் முகம் வாடி வந்தார்.

"உங்காளு மூணு இட்லியோட எழுந்துட்றாரு. சட்னி எதுனா சரியில்லையா மாஸ்டர்?"

உச்சியில்

ஆளெடுப்பு கடலூர் மைதானத்தில் நடந்தது. அங்கே கயிறு எங்கள் மரத்தைப் போல இரண்டு மடங்கு உயரம். எனக்கு அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்தது. ராமலிங்கமோ நிற்காமல் ஏறினார், உச்சியைத் தொட்டார். அதிகாரி விசில் ஊதினார். இவர் இறங்கவில்லை. எங்கள் கயிற்றிலிருந்து எப்போதும் வழுக்கியேதான் வந்திருக்கிறார். இறங்கச் சொல்லித் தர எனக்குத் தோன்றவே இல்லை.

"மாஸ்டர், ஏறிட்டேன்! எறங்குறது எப்புடி?"

நான் கத்தக் கத்த ஒவ்வொரு பிடியாக இறங்கி வேலையையும் வாங்கிவிட்டார். அவர் இளைக்க மூன்று மாதம் பிடித்தது, நான் இளைக்க அவர் இறங்கிய அந்த ஐந்து நிமிஷமே போதுமாயிருந்தது.