வாயை மூடிய ரேடியோ

சுரங்கத்துக்குள்ளே கரி ரயில் ஓட்டும் அவளுக்கு, உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர் ரேடியோ. வாய் ஓயாது. அந்த வாய்தான் அவளைக் கவிழ்க்கப் பார்த்தது.

புதிதாக வி.ஆர். பயிற்சி வந்திருந்தது. தரைக்கு மேலே ஒரு காலிக் கூடத்தில், நிஜம்போலக் காட்டும் வி.ஆர். கண்ணாடியை மாட்டினால் கண்முன்னே சுரங்கம், தீ, புகை. உயிர்காப்புக் கருவியின் ரப்பர் குழாயைப் பல்லால் கடித்து, அதன் வழியாக மட்டும் மூச்சுவிட்டுக்கொண்டு, கூட்டாளியோடு வெளியே வரவேண்டும். குழாயை எடுத்தால் விஷக்காற்று, கதை முடிந்தது. ரேடியோ போன தடவையும் செத்தாள், அதற்கு முந்தின தடவையும் செத்தாள். ஆமை என்று பெயரெடுத்த கூட்டாளி வழி தவறியதும் குழாயைப் பிடுங்கி, "இந்தப் பக்கம் வாய்யா!" என்று கத்தினால் சாகாமல் என்ன செய்வாள்?

"இன்னொரு தடவை செத்தீங்கன்னா உள்ள அனுப்ப முடியாதுக்கா. மேலதான் வேலை" என்றாள் பயிற்சி கொடுக்கும் பெண்.

உள்ளே போகாத வேலை அவளுக்கு வேலையே இல்லை. வீட்டில் கரண்டியைக் கடித்துக்கொண்டு பழகினாள். மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தையல்காரக் கணவரோ, வாயில் இருந்த குண்டூசிகளைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "ஊசியோட நான் பேசுறேனா? தலையாட்டியே வேலைய முடிச்சுடுவேன்."

ரேடியோவுக்குப் பொறி தட்டியது. தினமும் வண்டியை நிறுத்துவதும் எடுப்பதும் எதிரே நிற்பவரின் தலைவிளக்கு ஆடுவதைப் பார்த்துத்தானே! அடுத்தவர் விளக்குக்கு அடங்கியவள், தன் தலையிலும் ஒன்று இருப்பதை மறந்துவிட்டாள்.

மறுபடி புகை சூழ்ந்தது. ஆமை வழக்கம்போல நெருப்புப் பக்கமே திரும்பினார். தொண்டைவரை வந்த திட்டையெல்லாம் குழாயோடு சேர்த்துக் கடித்தாள். தலையை இடம் வலம் ஆட்டினாள். புகைக்குள் அவள் விளக்கொளியும் ஆடியது: நில்! ஆமை நின்றார். மேலும் கீழும் ஆட்டினாள்: வா! வந்தார். அவருடைய இடுப்பு வாரைப் பற்றிக்கொண்டு சுவரோரமாக நடந்தாள். மெல்ல மெல்லப் புகை விலகி, வெளிச்சம் தெரிந்தது.

கண்ணாடியைக் கழற்றியபோது வேடிக்கை பார்க்க வந்திருந்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். ஆமை கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரேடியோ மட்டும் குழாயை விடவில்லை. நெஞ்சு நிறைந்த சந்தோஷத்தில் அவளுக்கு அது நினைவே இல்லை.

"அக்கா, ஜெயிச்சிட்டீங்க! இப்ப பேசலாம்!"

குழாயை எடுத்தாள். சேர்த்து வைத்திருந்த குரலெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது.

"என் கரி வண்டிச் சாவி எங்கய்யா?"