நாக்குக்கு வந்த ஜிங்க் பஞ்சம்

இரண்டு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சத்திரம் போயிருந்தேன். என் கல்லூரி நண்பன் பழனிசாமி அங்கே கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். மதியச் சாப்பாடு அவன் வீட்டில்தான்.

முதல் வாய் வைத்ததுமே தட்டைத் தள்ளினான். சப்பென்று இருக்கிறதாம். எனக்கோ குழம்பில் உப்பு தூக்கலாகவே இருந்தது! அவன் மனைவி சரஸ்வதி உப்பு டப்பாவை அவன் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கை கழுவப் போனபோது என்னிடம் சொன்னார். ஆறு மாதமாக இதே கதை. எதைச் சமைத்தாலும் ருசியில்லை. சொந்தக்காரர்கள் முன்னாலேயே, கைப்பக்குவம் போய்விட்டது என்கிறானாம்.

"முப்பது வருசமா ஆக்கிப் போட்ட கைங்ணா இது. மக ஊட்டுக்கே போயிரலாம்னு இருக்கறனுங்க" என்றார். பையில் துணிகூட அடுக்கி பீரோ மேலே வைத்தாயிற்று.

திரும்பி வந்து அவனைக் கவனித்தேன். இளைத்திருந்தான். காலில் ஒரு காயம் — பண்ணையில் கம்பி வலை கிழித்தது. ஒன்றரை மாதமாகியும் ஆறவில்லை. சர்க்கரையாக இருக்குமோ? மறுநாளே சேலத்துக்கு வரச்சொல்லி, சூரமங்கலத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துப்போனேன்.

சர்க்கரை இல்லை. தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். அவன் சொன்ன பதில் எனக்கே புதிது. போன வருடம் அண்ணனுக்கு மாரடைப்பு வந்ததிலிருந்து, பயந்துபோய் கறி, முட்டை, பருப்பு, கடலை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டானாம். கஞ்சி, ரசம், ஏதோ ஒரு காய்க்குழம்பு... அவ்வளவுதான். தினம் ஆயிரக்கணக்கில் முட்டை எடுக்கிற மனுஷன்!

ரத்தப் பரிசோதனையில் ஜிங்க் குறைவு என்று வந்தது. துத்தநாகம் — கூரைத் தகரம் துருப்பிடிக்காமலிருக்கப் பூசுகிறார்களே, அதேதான். உடம்புக்குத் துளியூண்டு போதும். அது குறைந்தால் நாக்கில் ருசி மங்கும், பசி போகும், புண் ஆறாது, எதிர்ப்புச் சக்தியும் தளரும் என்றார் மருத்துவர்.

பழனிசாமி மெதுவாகச் சொன்னான். "தீவனத்துல ஜிங்க் கொறஞ்சா கோழிக்கு றெக்கை சரியா மொளைக்காதுங்க டாக்டர். நான்தான் அளவு பாத்துக் கலக்கறேன்."

"உங்களுக்கு யாருங்க கலக்கறது?" என்று கேட்டபடி மருத்துவர் மருந்துச் சீட்டை எடுத்தார்.



சில வாரங்களுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தார். சீக்கிரம் சரியாகட்டும் என்று கூடுதலாகப் போட்டால் உடம்பில் தாமிரம் குறைந்து வேறு வம்பு வருமாம். மற்றபடி முட்டை, பருப்பு, கொண்டைக்கடலை, எள் — எல்லாம் மளிகைக் கடைச் சமாச்சாரம்தான். ஒன்று... ருசி போன எல்லாருக்கும் ஜிங்க்தான் காரணம் என்றில்லை. நாமாகவே வாங்கி விழுங்க வேண்டாம்.

போன ஞாயிறு மறுபடி போனேன். புண் ஆறியிருந்தது. சரஸ்வதி மகள் வீட்டுக்குப் போகவில்லை. ஆனால் பை மட்டும் இன்னும் பீரோ மேலேயே இருந்தது. அன்று பருப்புக் குழம்பு. பழனிசாமி இரண்டாம் முறை கேட்டு வாங்கினான். ருசியாக இருக்கிறது என்றான்.

சரஸ்வதி கரண்டியைக் கீழே வைத்தார். "நாக்கு சரியாயிருச்சு, சந்தோசமுங்க. நாலு பேர் முன்னால என்னையச் சொன்னதெல்லாம்?"



"தப்புதான் சரசு. கொறை என்னோட நாக்குலதான் இருந்துச்சு."

அன்று மாலை நான் கிளம்பும்போது பீரோ மேலே பை இல்லை.

'தப்புதான்' என்று சொல்ல எந்த மருந்துச் சீட்டும் தேவையில்லை. இருந்தும், எத்தனை மாதம் எடுத்துக்கொள்கிறோம்!