முதலாளிக்கு வைத்த ஊசி

வைகுண்டராஜைப் போல ஒரு ஜால்ராவைச் சமுத்திரம் தன் ஆயுசில் பார்த்ததில்லை. மில்லுக்குள் முதலாளியின் கார் நுழைந்தால் போதும், காருக்கே கும்பிடு போடுவார். உள்ளே ஆள் இருக்கிறாரா என்பதெல்லாம் அப்புறம். ராஜபாளையத்தில் ஏதோ ஒரு கிளினிக்கில் ஊசி போடக் கற்றுக்கொண்ட மனுஷனை மில் ஆம்புலன்ஸுக்குக் கம்பவுண்டர் ஆக்கிவிட்டார்கள். அந்த வேனுக்கு டிரைவர் சமுத்திரம். வருஷக்கணக்காக இந்த மூஞ்சியோடுதான் போக வேண்டியிருந்தது.

பெரிய அடி பட்டவர்களின் வலிக்குப் போட என்று மில் டாக்டர் வேனில் ஒரு குப்பி மார்ஃபின் வைத்திருந்தார். வைகுண்டராஜ் அதை யாருக்கும் போட்டதில்லை.

"முதலாளிக்குத் திடீர்னு நெஞ்சுவலி வந்துட்டா? அவியளுக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்" என்பார்.

முதலாளியோ தினமும் காலையில் டென்னிஸ் ஆடிக்கொண்டு கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். அப்படியொரு குப்பி இருப்பதே அவருக்குத் தெரியாது.

எண்பத்தெட்டில் ஒரு மத்தியானம் பஞ்சுப் பொதி சரிந்து, மம்சாபுரம் கருத்தையாவின் தொடை எலும்பு முறிந்தது. டாக்டர் கட்டை வைத்துக் கட்டிவிட்டு, வேனில் இருக்கும் மார்ஃபினைப் போட்டு மதுரைக்குக் கொண்டு போகச் சொன்னார். வைகுண்டராஜ் பவ்வியமாகத் தலையாட்டினார். வேன் கிளம்பியதும் ஒரு தலைவலி மாத்திரையை நீட்டினார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டுவதற்குள் பள்ளத்துக்குப் பள்ளம் கருத்தையா அலறினார்.

"டாக்டர் சொன்னாகள்ல, அந்த ஊசியப் போட்டுருங்கய்யா" என்று கூட வந்த அவர் மனைவி வெள்ளைத்தாய் கெஞ்சினாள்.

"செத்த நேரம் பொறுத்துக்கிடட்டும். ஆம்பளைக்கு இம்புட்டுகூடத் தாங்கலைன்னா எப்படி?" என்றார் வைகுண்டராஜ்.

கிருஷ்ணன்கோவிலில் சமுத்திரம் வேனை ஓரங்கட்டினார்.

"ஓய், ஊசியப் போடுதீரா, இல்ல நாளைக்கு முதலாளிகிட்டப் போயி, ஒங்களுக்கு எப்ப நெஞ்சு வலிக்கும்னு இந்த ஆளு மருந்தோட காத்துக்கிட்டு இருக்காருன்னு சொல்லவா?"

வைகுண்டராஜின் முகம் செத்துப்போனது. கருத்தையாவின் அலறலுக்கு அசையாத கை, இப்போது அவசர அவசரமாகக் குப்பியை உடைத்து ஊசியைப் போட்டது.

அழகாபுரி வருவதற்குள் முனகல் அடங்கியது. கருத்தையா கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார். "நீ சாப்பிட்டியாட்டி?" என்றார்.

வெள்ளைத்தாய் உடைந்து அழுதாள். சட்டென்று குனிந்து வைகுண்டராஜின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும் சாமி."

அந்த ஆளுக்குக் கூசவில்லை. காலைக்கூட நகர்த்திக்கொள்ளாமல், அவள் தலையில் கை வைத்து, "நல்லா இரு தாயி" என்று ஆசீர்வாதம் பண்ணினார்.