வாயைத் திறக்கப் பயந்த ஐம்பது கிலோமீட்டர்

காலை 5.10. ஆம்பூர் பேருந்து நிலையத்திலிருந்து வேலூர் வண்டி கிளம்பியது. ஐம்பது கிலோமீட்டர், ஐம்பது ரூபாய் டிக்கெட். ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசராக இருக்கும் எனக்கு இந்தச் சாலை புதிதல்ல. அன்று போனது என் மனைவி செல்விக்காக. அவள் தலையில் ஒரு கட்டி. எட்டு மணிக்கு வேலூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். பிழைப்பாளா, பிழைத்தாலும் பேசுவாளா என்பதற்கு டாக்டர் உறுதி சொல்லவில்லை. அவளுடைய தங்கையைத் துணைக்கு வைத்துவிட்டு, மகளைப் பார்க்க முதல் நாள் வீட்டுக்கு வந்திருந்தேன்.

ஊரைத் தாண்டும்வரை தோல் பதனிடும் ஷெட்களின் வாடை ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து பழகிய வாடைதான். அன்று ஜன்னலை மூடினேன்.

5.35, மாதனூர். எங்கள் சபையில் பாஸ்டரால் வர முடியாத வீடுகளுக்கு ஜெபம் பண்ணப் போகிறவன் நான். புதுவீடு, பிள்ளை பெற்ற வீடு, சாவு வீடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜெபம் மனப்பாடம். கண்ணை மூடினால் வாய் தானாக ஓடும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்றும் கண்ணை மூடி, "பரலோகப் பிதாவே" என்று முணுமுணுத்தேன். வாய் ஓடியது. "பிரிவின் துக்கத்தில் இருக்கிற இந்தக் குடும்பத்தாரைத் தேற்றும். இன்று உம்மிடம் வந்து சேர்ந்த..." அடுத்து வர வேண்டியது இறந்தவரின் பெயர். "செல்" வரை சொல்லிவிட்டேன். பதறி எழுந்து நின்றேன்.

"இன்னா சார், எறங்கற எடம் தாண்டிட்ச்சா?" என்றார் கண்டக்டர்.

"இல்லப்பா. வேலூர்தான்."

"அது இன்னும் தூரம் கீது. ஒக்காருங்க."

பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வந்தது. உயிரோடு இருப்பவளை என் வாயாலேயே அடக்கம் பண்ணப் பார்த்தேனே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. மறுபடி ஜெபிக்க வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

6.50. வார்டில் செல்விக்குத் தலையை மழித்திருந்தார்கள். "ஜெபம் பண்ணுங்க. வழக்கம்போல நீட்டாதீங்க" என்றாள். முடியாது என்று தலையாட்டினேன்.

"இன்னா ஆச்சு?"

மறைக்கத் தெரியவில்லை. பஸ்ஸில் நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சொல்லியிருக்கவே கூடாது என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

"எனக்கும் பயமாத்தான் இருக்குது" என்றாள் கடைசியில். "ஆனா அந்த ஜெபம் செத்தவங்களுக்கா? இருக்கறவங்களுக்குத்தானே? நான் உள்ள போய்ட்டா வெளிய இருக்கப்போறது நீங்க. எம் பேர விட்டுட்டு முழுசா சொல்லுங்க."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். தேற்றும், தாங்கும், தனியே விடாதேயும் என்று எத்தனையோ வீடுகளில் மூச்சுவிடாமல் ஒப்பித்த வார்த்தைகள். எத்தனை பெரிய காரியங்களைக் கேட்டிருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது. பாதியில் அழுதுவிட்டேன். மிச்சத்தை அவள் முடித்து, ஆமென் சொன்னாள். ட்ராலி வந்தது.

மதியம் 2.30. கட்டியை எடுத்தாயிற்று, கண் விழிக்க இரண்டு நாள் ஆகலாம், அதன் பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். ஐ.சி.யூ.வுக்குள் யாரையும் விடவில்லை. மகளிடம் இதை நேரில்தான் சொல்ல வேண்டும் என்று செல்வியின் தங்கையை அங்கே இருக்கச் சொல்லிவிட்டு, மாலை 5 மணிக்கு ஆம்பூர் வண்டி ஏறினேன்.

காலையில் இருந்த பயத்தில் ஒரு குன்றிமணி கூடக் குறையவில்லை. ஆனால் கண்ணை மூடியபோது மனப்பாடம் எதுவும் ஓடவில்லை. "ஆண்டவரே, நான் தாமஸ். எனக்குப் பயமாக இருக்கிறது" என்றேன். இத்தனை வருஷத்தில் என் பெயரைச் சொல்லி நான் கேட்ட முதல் ஜெபம் அதுதான்.