சேற்றில் நீட்டிய நாற்று முடி

முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு சவுண்டு சர்வீஸ்காரர் என்னிடம் நீட்டிய நாற்று முடி இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. வேரில் ஒட்டிய மண்ணைக்கூட அலசாமல், நீர் சொட்டச் சொட்டப் பிடித்திருந்தார். எங்கள் நடவு ஆட்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி கட்டிய பாட்டை இன்னொருத்தி எடுத்துப் பாடவேண்டுமானால், கட்டியவளிடம் கைப்பிடி அளவு கட்டிய ஒரு முடி நாற்றை நீட்டுவாள். வாங்கிக்கொண்டால் சம்மதம். வரப்பில் வைத்துவிட்டால் அந்தப் பாட்டு வேண்டாம் என்று அர்த்தம்.

முதல் தடவை அவர் கேட்கவில்லை. நடவில் நான் பாடியதை செல்போனில் பிடித்து, ஒரு சினிமாப் பாட்டு மெட்டோடு கலந்து, ஆடியில் கூழ் ஊற்றிய அன்று ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். தெருவே ஆடியது. நான் கூழ்ச் சொம்போடு அப்படியே நின்றேன். அந்தப் பாட்டில் என் அஞ்சலையின் பேர் வருகிறது. தொட்டிலிலேயே போய்விட்ட என் தலைச்சன் பிள்ளை. அவள் பேர் வந்த இடத்தில்தான் விசில் அடித்தார்கள்.

"யாரக் கேட்டு நைனா போட்ட?"

"ஊரே ஆடிக்கினு கீது, நீ இன்னாம்மா கோச்சிக்கிற?" என்று சிரித்தார்.

"ஆடறது உங்க காலு. செத்தது என் பொண்ணு" என்றேன். சிரிப்பு நின்றது. பாட்டை அவரே அணைத்தார்.

நெட்டிலும் போட்டிருந்தாராம். அந்தச் சினிமா மெட்டுக்குச் சொந்தக்காரர்கள், எங்களைக் கேட்கவில்லையே என்று அந்த வாரமே எடுக்க வைத்துவிட்டார்கள். அவர்கள் பொருள், கேட்டார்கள். எனக்காகக் கேட்க யார் இருக்கிறார்கள்? அவர் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் என் ஓரகத்தியிடம் வழக்கத்தை விசாரித்துக்கொண்டு, பேன்ட்டை மடித்துவிட்டுச் சேற்றில் இறங்கி வந்தார்.

"சினிமாக்காரங்களுக்கும் ஒரு முடி எடுத்துக்கினு போறதுதானே?" என்று ஓரகத்தி சீண்டினாள்.

"லெட்டர் போட்டேம்மா, பதிலு இல்ல. அவங்க மெட்டு அவங்களுக்கே இருக்கட்டும்" என்றார்.

என் வரிசை நட்டு முடியும்வரை அவரை நிற்கவைத்துவிட்டுத்தான் முடியை வாங்கினேன். "அஞ்சலை பேரு வர்ற எடத்துல எவனும் ஆடக்கூடாது" என்றும் சொல்லிவிட்டேன்.

சினிமா மெட்டை விட்டுவிட்டு, தன் அண்ணனைப் பறை அடிக்கவைத்துப் பாட்டைப் புதிதாகச் செய்தார். தொடக்கத்தில் என் பேரைச் சொல்லவும் செய்தார். இப்போது அந்தச் சவுண்டு சர்வீஸ்காரர் இல்லை, நோயில் போய்விட்டார். போன வாரம் சாலவாக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது டீக்கடையில் அந்தப் பாட்டு வந்தது. பறை முழங்கிக்கொண்டே வந்து, அஞ்சலை பேர் வரும் இடத்தில் சட்டென்று நின்றது. என் குரல் மட்டும் அவளைக் கூப்பிட்டது. தாளம் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார். அன்று நாற்றை வாங்க நீட்டியதுபோல என் கை தானாக முன்னே போனது.