தென்னந்தோப்பில் ஒரு வேற்றுக்கிரகம்

இரும்புக் குழாயால் தகரத்தை அடித்தால் எழும் சத்தத்தில் இரண்டு வகை உண்டு. உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் 'ணங்'கென்று தெரு முழுக்கக் கேட்கும், உள்ளே ஆள் இருந்தால் 'தொப்'பென்று அடங்கிவிடும். இந்த வித்தியாசம் எனக்குப் பத்து வயதிலேயே தெரிந்துபோனதற்குக் காரணம் எங்கள் ஊர்ப்பக்கம் எடுத்த ஒரு விஞ்ஞானச் சண்டைப்படம். அதன் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை.

குற்றாலத்துக்குப் பக்கத்தில் இலஞ்சி தென்னந்தோப்புதான் அந்தப் படத்தில் வேற்றுக்கிரகம். கேமராவுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடித்தாளைப் பிடித்துவிட்டால் தென்னை மரம் தென்னை மரமாகத் தெரியாது என்று டைரக்டர் மனதார நம்பினார். விண்கலம் வந்து இறங்கும்போது பின்னால் செங்கோட்டை பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு போகும். பிரபஞ்சத்தையே நடுங்கவைக்கும் எட்டு வில்லன்களும் தென்காசியில் பிடித்த ஆட்கள். கறுப்புக் கண்ணாடி, கறுப்பு மழைக்கோட்டு, காலில் மட்டும் ரப்பர் செருப்பு.

அப்பாவுக்குத் தென்காசியில் தகரப் பட்டறை. வாளியும் தண்ணீர்த் தொட்டியும் செய்வார். அவர் செய்த வாளி ஒழுகுகிறது என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை என்பதில் அவருக்கு அத்தனை திமிர். படத்துக்கு இயந்திர மனிதன் வேண்டும் என்று படக்காரர்கள் வந்தபோது அதையும் வாளி செய்கிற மாதிரியே செய்தார். இணைப்புக்கு இணைப்பு ஈயம் வைத்து அடைத்து, கண்ணுக்குச் சிவப்புக் கண்ணாடி பதித்து, முதுகில் எட்டு போல்ட்டுப் போட்டு முடுக்கி, மூச்சுக்குக் கழுத்தடியில் நாலைந்து ஆணித்துளை மட்டும் விட்டார். "சொட்டுத் தண்ணி உள்ள போவாது" என்று தட்டித் தட்டிக் காட்டினார். தண்ணீர் உள்ளே போகாத இடத்திலிருந்து மனிதன் குரல் எப்படி வெளியே வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சென்னையிலிருந்து வந்த நடிகர் அதற்குள் பத்து நிமிஷம் நின்றார், வாந்தி எடுத்தார், சாயங்கால ரயிலில் ஏறிவிட்டார். அம்மா தடுத்துப் பார்த்தாள். "நான் செஞ்ச சட்டைய நான் போடாம எவன் போடுவான்?" என்று அப்பாவே உள்ளே இறங்கினார்.

சண்டைக்காகத் தெர்மாக்கோலில் குழாய் செய்து வெள்ளிப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். ஆடிச் சாரல் அதையெல்லாம் ஒரே ராத்திரியில் கூழாக்கிவிட்டது. அப்பாவின் பக்கத்துக் கடை வெல்டிங்காரரும் உயிர்ச் சிநேகிதருமான சுடலை மாமா எட்டு வில்லன்களில் ஒருவர். அவர்தான் சைக்கிளில் போய் எட்டு நிஜக் குழாய்களைக் கட்டிக்கொண்டு வந்தார். "தகரத்துக்கு வலிக்கவா போவுது?" என்றார்.

"மெதுவா அடிச்சா ஸ்கிரீன்ல தெரிஞ்சிடும், நல்லா அடிங்க" என்றார் டைரக்டர். "முடியலேன்னா அண்ணாச்சி வலது கையைத் தூக்குவார், உடனே நிறுத்திடணும்." பிறகு, தோப்பு மோட்டார் அறைச் சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்த எங்கள் பக்கம் திரும்பி, "யாராவது சத்தம் போட்டா அடிக்கிறவங்க திரும்பிப் பாப்பாங்க. பிலிம் ரோல் போச்சு. இருக்கிறதே ஒரு ரோல்தான்" என்று விரலை ஆட்டினார்.

முதல் அடி வலது தோளில் விழுந்தது. தகரம் மடங்கி மூட்டுக்குள் செருகிக்கொண்டது, அத்தோடு அந்தக் கை பூட்டிவிட்டது. அடுத்தது விலாவில், அடுத்தது முழங்காலில், அதற்கடுத்தது காதோடு சேர்த்துத் தலையில். முதல் நாலைந்து அடி வரைக்கும் அந்த ஆட்களுக்குக் கொஞ்சம் கூச்சம் இருந்தது. பிறகு அது கழன்றுபோனது. சிரித்துக்கொண்டே அடித்தார்கள், முறைவைத்து அடித்தார்கள், விழுந்தவரைக் காலால் புரட்டிப் போட்டு அடித்தார்கள். சுடலை மாமா பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் ஓங்கினார். மனிதர்களுக்குள் அப்படி ஒரு சந்தோஷம் இருக்கிறது என்று அன்றைக்குப் பார்த்தேன், இன்றுவரை எனக்கு அது பயமாக இருக்கிறது. உள்ளிருந்து கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு முனகல் கேட்டது. "போதும்லே… போதும்லே…" அது நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும். "சூப்பர், சூப்பர்" என்றார் டைரக்டர். நான் இரண்டு கையாலும் என் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். கழுத்துத் துளைகள் வழியாக ரத்தம் கசிந்து வெள்ளிப் பெயின்ட்டில் கோடுகோடாக இறங்கியது.

ரோல் தீர்ந்த பிறகுதான் நிறுத்தினார்கள். நசுங்கிய போல்ட்டில் ஸ்பானர் பிடிக்கவில்லை. "ஏ மாப்ள, பேசுலே, ஒரு வார்த்த பேசுலே" என்று கதறிக்கொண்டே சுடலை மாமா தகரத்தை வெட்டிப் பிய்த்தார், அவர் கையெல்லாம் கிழிந்தது. அப்பாவுக்கு மூன்று விலா எலும்பும் ஒரு முழங்காலும் போயின, இடது காது அன்றோடு கேட்காமல் போனது. ஆஸ்பத்திரியில் அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏட்டி, நீ அங்கனதான நின்ன? ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?" என் சத்தமும் படத்தில் பதிந்துவிடும் என்றே நினைத்திருந்தேன். அந்தக் கேமராவில் சத்தமே பதிவாகாது, பேச்செல்லாம் பிறகு சென்னையில் சேர்ப்பார்கள் என்பதை நான் வளர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அம்மா கேட்ட கேள்வியை அப்பா ஒரு நாளும் கேட்கவில்லை.

மிச்சக் காட்சிகளை வேறு ஆளை வைத்து, வேறு தகரச் சட்டையில் எடுத்து முடித்தார்கள். படம் தென்காசியில் நாலு நாள் ஓடியது. எங்கள் வீட்டில் யாரும் போகவில்லை. இன்று அந்தத் தியேட்டர் கல்யாண மண்டபமாகிவிட்டது, தோப்பை மனைபோட்டு விற்றுவிட்டார்கள், பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை. அப்பாவும் போன வருஷம் போய்ச் சேர்ந்தார்.

போன வாரம், ஒன்பதாவது படிக்கும் என் மகன், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வர, போனை என்னிடம் நீட்டினான். உலகத்திலேயே மட்டமான சண்டைக்காட்சி என்று அந்தத் துண்டை யாரோ இணையத்தில் போட்டிருக்கிறார்கள். தாத்தாவுக்கு ஒரு காது கேட்காது என்று மட்டும்தான் அவனுக்குத் தெரியும், ஏன் என்று நான் சொன்னதில்லை.

"ரோபோவுக்கு ரத்தம் வருதும்மா, பாருங்க! இன்டர்வெல்லுக்கு அப்புறம் அரை அடி குட்டையாயிருதாம்!" என்றான். அப்புறம் நிறுத்தி, பின்னுக்குத் தள்ளி, மறுபடி ஓடவிட்டான். "இதுதாம்மா பெரிய மிஸ்டேக்கு. அடிக்கவன பாக்காம வேற எங்கயோ பாக்குது. புரட்டிப் போட்டாலும் மறுபடியும் அந்தப் பக்கமே திரும்புது. அங்கன என்ன இருக்குன்னே தெரியல."

கேமராவுக்கு இடப்பக்கம், மோட்டார் அறைச் சுவரோரம்.

"அங்கன நான் நின்னேம்ல" என்றேன். "உங்க தாத்தா என்னயத்தான் பாக்காரு."