அண்ணனின் நடுப்பத்து

எங்கள் வீட்டில் செபமாலையின் ஐந்து பத்துகளில் நடுப்பத்து அண்ணனுடையது. அவன் பிரான்சுக்குப் போய்ப் பல வருடங்களாகியும் அந்தப் பத்து மணியை அம்மா வேறு யாருக்கும் கொடுத்ததில்லை. முதல் இரண்டு பத்தை அம்மா சொல்வார், கடைசி இரண்டை நான். நடுவில் உள்ளதற்கு, மாதா சுரூபத்தின் கீழே மேசையில் இருக்கும் லாப்டொப்பில் அண்ணன் வருவான். அங்கே உணவகத்தில் மதியச் சமையல் முடிந்து இரவுச் சமையல் தொடங்குமுன் கிடைக்கும் இடைவேளை அது. பின்கதவடியில் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே நின்று அவன் முதல் அடியைச் சொல்ல, இங்கே எங்கள் ஊர் குருநகரில் இருந்து அம்மா மிச்சத்தைச் சொல்லி முடிப்பார்.

அப்பா இறந்தபோதும் அவன் வரவில்லை. அகதி வழக்கு முடியாதவன் விமானம் ஏறினால் திரும்பிப் போக முடியாது. அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை என்பதைப் பற்றி அவன் என்னோடு ஒருபோதும் கதைத்ததில்லை, நானும் கேட்டதில்லை. அதன் பிறகுதான் அம்மாவின் நினைவு மெல்ல மெல்லப் பிசகத் தொடங்கியது. நேற்று நடந்ததை மறந்துவிடுவார். செபமாலையை மட்டும் மறக்கமாட்டார்.

லாப்டொப் அண்ணன் அனுப்பிய பழசு. இங்கே இருந்தபோது கம்பியூட்டர் படித்தவன் என்பதால் அதில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, அங்கிருந்தபடியே அதற்குள் நுழைந்து பராமரித்து வந்தான். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் கெர்னலைப் புதுப்பிக்கிறேன் என்று தொடங்கினான். கெர்னல் என்பது முழு இயங்குதளத்துக்கும் அடித்தளமாம். இடம் போதாதென்று பழைய கெர்னல்களையும் துடைத்து எறிந்தான். மறுபடி இயக்கியதும் வைபையைக் காணவில்லை. அவன் உள்ளே வருகிற வாசலும் அந்த வைபைதான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்று போனில் அவனை நன்றாகத் திட்டினேன்.

வைபையை இயக்குகிற ட்ரைவர் என்ற நிரலைப் புதிய கெர்னலுக்கு ஏற்றபடி திரும்பக் கட்ட வேண்டும் என்றான். கட்டுவதற்கான கோப்புகள் இணையத்தில் இருந்தன. இணையத்துக்குப் போக வைபை வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதைதான்.

போனில் அவனைக் காட்டினால் போதாதா என்று எவரும் கேட்கலாம். காட்டினேன். அம்மா அந்தச் சின்னக் கண்ணாடியைக் கண் சுருக்கிப் பார்த்துவிட்டு, "உது ஆரோ குசினிக்குள்ளை நிக்கிற பெடியன்" என்று திருப்பித் தந்துவிட்டார். அவருடைய மகன் மாதாவின் காலடியில் வருகிறவன், கையில் வருகிறவன் அல்லன். நடுப்பத்து வந்ததும் கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் சொல்லத் தொடங்கினால் கையைக் காட்டி மறித்தார். அந்தப் பத்து மணிகளையும் சத்தமில்லாமல் ஒவ்வொன்றாக உருட்டிக் கடந்தோம்.

அம்மாவின் தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். உடல் கரைக்கு வரவில்லை. சில இரவு பொறுத்துப் பார்த்துவிட்டு, செபமாலை முடிவில் மரித்தவர்களுக்காகச் சொல்லும் மன்றாட்டில் அவரைச் சேர்த்துக்கொண்டார்களாம். அந்த வீட்டு வழக்கம் அது. அம்மாவுக்கு எது மறந்தாலும் அது மறக்கவில்லை. ஒரு மாலை, மன்றாட்டில் அப்பாவைச் சொன்ன கையோடு, "என்ரை மூத்தவனுக்கும்" என்றார்.

அவன் உயிரோடு இருக்கிறான் என்று கத்தினேன். அம்மா செபமாலையைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தபடி ஆறுதலாகச் சொன்னார்: "உயிரோடை இருக்கிறவன் தன்ரை பத்தை விடமாட்டான், பிள்ளை."

இதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை. அடுத்த மன்றாட்டுக்கு முன் எப்படியாவது அவன் முகத்தை அந்தத் திரையில் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது மட்டுமே என் எண்ணமாக இருந்தது. போனை வயரால் லாப்டொப்போடு இணைத்தால் போனின் இணையம் அதற்குள் போகும், கோப்புகளை இறக்க அது போதும், முகம் காட்டிக் கதைக்க வைபைதான் வேண்டும் என்று அவன் சொல்லியிருந்தான். இணைத்தும் ஒன்றும் நடக்கவில்லை. "உது சார்ஜ் மட்டும் போடுற வயர், தங்கச்சி. வேறை வாங்கு" என்றான். பெரிய கடைத் தெருப் பக்கம் ஓடிப்போய் வாங்கி வருவதற்குள் அம்மா முதல் பத்தைத் தொடங்கிவிட்டார்.

செபத்தில் அம்மாவுக்குப் பதில் சொல்லிக்கொண்டே, ட்ரைவரைக் கட்டும் கட்டளைகளை லாப்டொப்பில் தட்டினேன். ஒரு காதில் அண்ணன், எழுத்தெழுத்தாக, எங்கே இடைவெளி விடுவது என்பது வரைக்கும் சொன்னான். ஓர் எழுத்துப் பிழைத்தது, திரும்பத் தட்டினேன். நடுப்பத்து மௌனமாகப் போயிற்று. என்னுடைய இரண்டு பத்தையும் வாய்தான் சொன்னது. ட்ரைவர் கட்டப்படும் வரிகள் திரையில் ஓடிக்கொண்டிருந்தன. அம்மாவை மெதுவாகச் சொல்லச் சொல்லி மாதாவிடம் கெஞ்சினேன், வெட்கமில்லாமல்.

மூலையில் வைபைக் குறி வந்தது. அழைத்தேன். திரை நிறைய அண்ணன் வந்தான், ஏப்ரனோடு, சிரித்தபடி. அம்மா கண்களை மூடியிருந்தார்.

"என்ரை மனுசனுக்கும், என்ரை மூத்தவனுக்கும், நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும் ஆண்டவரே."

அண்ணனின் சிரிப்பு அப்படியே நின்றது. என்னைப் பார்த்தான். பதில் சொல்ல வேண்டியவள் நான். எனக்கு அழுகைதான் வந்தது. அவன் கும்பிட்டான். முடிவில்லாத ஒளி அவர்கள்மேல் ஒளிர்வதாக என்ற அந்தப் பதிலை, தனக்கும் சேர்த்து, அவனே சொன்னான்.

அம்மா கண்ணைத் திறந்தார். திடுக்கிடவில்லை. இத்தனை நாளில் அவர் முகம் அப்படித் தெளிந்து நான் பார்க்கவில்லை.

"வந்திட்டியோ ராசா? அங்கை அப்பாவைக் கண்டனியோ?"

அம்மாவைத் திருத்த வாயைத் திறந்தேன். அண்ணன் வேண்டாம் என்று தலையசைத்தான். பிறகு அசையாமல் நின்றான். இணைப்புத்தான் மறுபடி போய்விட்டதோ என்று குறியைப் பார்த்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

"ஓம் அம்மா," என்றான். "கண்டனான்."

"சாப்பிட்டவரோ?"

"சாப்பிட்டவர், அம்மா."

அவனுக்குப் பின்னால் யாரோ பிரெஞ்சில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா எப்படி இருக்கிறார், மெலிந்துவிட்டாரா என்று அம்மா கேட்கக் கேட்க, ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.